சேமக்காலையில் இருப்பவர்களின் சோலைவரி

1

அப்பாவின் ஆண்டு நினைவு வருகிற மாதத்தில் நான் மன்னாரில் எங்கள் ஊரான கீரிக்கு இரண்டு தடவை காசு அனுப்புவேன். ஒன்று கோவிலில் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்க. மற்றது உள்ளூராட்சிச் சபையில் எங்கள் வீட்டுக்குச் சோலைவரி, அதுதான் வருடாந்த வீட்டுவரி, கட்ட. இரண்டுக்கும் பற்றுச்சீட்டு ஒரே பெயரில்தான் வரும்: மரியான் சந்தியோகு. மனிசன் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆனாலும் மோட்சத்திலும் பாக்கி இல்லை, மன்னாரிலும் பாக்கி இல்லை என்று நான் இங்கே நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லித் திரிவேன்.

பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. டொரொண்டோவை ஒட்டிய ஒரு சின்ன நகரசபையில், வீட்டுவரிப் பகுதியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சனத்திடம் வரி வாங்குவதுதான் என் வேலை. இருபத்தியொரு வருடமாக அதே கதிரை. ஊரில் யாராவது "கொண்ணர் அங்க என்ன செய்யிறார்?" என்று கேட்டால் என் தங்கச்சி ஏதோ அலுவலகம் என்கிற மாதிரி "கந்தோர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவாள். வரி அறவிடுகிறவன் என்று சொன்னால் மதிப்பு இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

தங்கச்சியின் பெயர் பிலோமினா. நாலு பிள்ளைகளில் கடைசி. அக்கா அகதியாக இந்தியாவுக்குப் போனவள், திருச்சியிலேயே தங்கிவிட்டாள். தம்பி யூட் பிரான்சில். நான் இங்கே. பிலோமினா மட்டும் கீரி வீட்டில் இருந்து அம்மாவையும் அப்பாவையும் கடைசி வரைக்கும் பார்த்தாள். ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துச் சீவிக்கிறாள். கல்யாணப் பேச்சு இரண்டு தரம் வந்து குழம்பியது. மூன்றாம் தரம் வந்தபோது அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

இந்த வருடமும் வழக்கம்போலக் காசு அனுப்ப வெளிக்கிட்டபோது, அவளிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. சபை வீடுகளைப் புதிதாக மதிப்பிட்டு அனுப்பிய கடிதம். விலாசத்தில் அப்பாவின் பெயர். படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அண்ணா, பூசைக்கு அனுப்புங்கோ. வரிக்கு அனுப்பாதேங்கோ. முதல் கதைக்கவேணும்."

2

அடுத்த நாள் காலை, வேலைக்குப் போக முன்னம் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம். திரையில் தங்கச்சியின் முகம் வரவில்லை. எங்கள் விறாந்தைச் சுவரும், அதை அளக்கிற ஒரு நாடாவும்தான் தெரிந்தன.

"சபையில இருந்து அளக்க வந்திருக்கிறா. நீங்களே கதையுங்கோ" என்று பிலோமினா போனை யாரோ கையில் கொடுத்தாள்.

சபையின் வருமானப் பரிசோதகர் ஓர் இளம்பெண். பெயர் செல்வி. முருங்கனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். அந்தப் பேச்சின் சாயல் பிள்ளையிடமும் இருந்தது.

"வணக்கம் அண்ணே. உங்க ஒழுங்கையில பதினொரு வீடு இருக்கு. பதிவேட்டுல இருக்கிற வீட்டுக்காரங்கள்ல ஒன்பது பேர் சேமக்காலையில இருக்காங்க. நான் கடிதத்தை வீட்டுல குடுக்கிறதா, அங்க கொண்டுபோய் வைக்கிறதா?"

சேமக்காலை என்றால் எங்கள் பக்கத்தில் கோவில் மயானம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. வெயிலில் நாள் முழுக்க மணலில் நடந்து களைத்த முகம்.

"அப்பாட பேரில நாங்கள் ஒழுங்காக் கட்டுறம்தானே பிள்ளை" என்றேன்.

"நீங்க கட்டுறீங்க. அது உண்மைதான். ஆனா மத்த எட்டு வீடும் பூட்டிக் கிடக்கு. பிள்ளைங்க எந்த நாட்டுல இருக்காங்கன்னு தெரியல. யாருக்கு எழுதுறது? செத்தவருக்குக் கடிதம் அனுப்பலாம் அண்ணே, பதில் வராது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை நாடாவைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தது.

"ஒரு வீட்டால சபைக்கு ரெண்டு வழியில காசு வரும். வீடு இருக்கிற வரைக்கும் வருசா வருசம் சோலைவரி. வீடு கைமாறினா, உறுதிப் பத்திரம் எழுதுறப்போ கட்டுற முத்திரைத் தீர்வை. அது முதல்ல மாகாணத்துக்குப் போகும், பிறகு சபைக்குத் திரும்பி வரும். அந்த ஒன்பது வீட்டுல உங்க ஒரு வீட்டைத் தவிர வரியும் இல்ல. முப்பது வருசமாக் கைமாற்றமும் இல்ல. ஆனா ஒழுங்கைக்கு லைட் கேட்டு மட்டும் கடிதம் வந்திருக்கு."

அந்தக் கடிதம் எழுதியவன் நான்தான். போன தடவை ஊருக்குப் போனபோது, பொழுதுபட்ட பிறகு ஒழுங்கையில் படுத்திருந்த கழுதையில் இடறி விழுந்த கோபத்தில், சபைக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பூட்டிய வீட்டு விறாந்தைகளில் எல்லாம் இப்போது கழுதைகள்தான் குடியிருக்கின்றன. அவைகளும் வரி கட்டுவதில்லை. ஆனால் லைட் கேட்பதுமில்லை.

செல்வி போன பிறகு பிலோமினா போனை வாங்கினாள். சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வந்தாள். பின்வளவில் இரண்டு அறை கட்டப்போகிறாளாம். பூநாரை பார்க்கவும் கடல் பார்க்கவும் வருகிற ஆட்கள் தங்க வாடகைக்கு விடலாமாம். தைக்கிறவளுக்குக் கண் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டாள். பாங்கில் கடன் தர ஓம் என்றார்களாம். சபையில் உரிமமும் எடுக்கலாமாம். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கிற முதல் கேள்வி, உறுதி யார் பெயரில்.

"அப்பாட பேரில எண்டு சொன்னன். அப்ப அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு அந்தப் பாங்குத் தம்பி சொல்லேல்லை. ஆனா அப்பிடித்தான் பாத்தவர்."

"எவ்வளவு நாள் தந்திருக்கினம்?"

"ஆறு மாசம். அதுக்குள்ள உறுதியைக் கொண்டு போகாட்டி எல்லாம் திரும்ப முதலில இருந்து." பிறகு சொன்னாள்: "எனக்கு இந்த வீடு வேணும் அண்ணா. இருக்கிறதுக்கில்லை, இருக்கத்தான் இருக்கிறன். என்ரை வீடு எண்டு சொல்லுறதுக்கு வேணும்."

"அது உன்ரை வீடுதானே பிள்ளை, ஆர் இல்லையெண்டது?" என்றேன். இப்படிச் சொல்வது சுகம். பன்னிரண்டு வருடமாக நாங்கள் மூவரும் இதைத்தான் சொல்லி வந்தோம். ஒருத்தரும் கையெழுத்து வைக்கவில்லை.

3

என் வேலையைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஒருநாளும் விளக்கமாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும்.

இங்கே ஒரு வீடு விற்கப்பட்டால் வக்கீலிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வரும். நான் கணினியில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரை அடிப்பேன். இரண்டு நிமிட வேலை. அடுத்த வரிச்சீட்டு புது ஆளுக்குப் போகும். அந்த வரியில்தான் பனி அள்ளுகிற வண்டி ஓடுகிறது. நூலகம் திறந்திருக்கிறது. பூங்காவில் ஊஞ்சல் ஆடுகிறது. வீடு கைமாறும்போது கட்டுகிற வரி வேறு. அது எங்கள் சின்ன நகரத்தில் மாகாணத்துக்குப் போகிறது. பக்கத்துப் பெரிய நகரம் தனக்கென்றும் ஒன்று எடுக்கிறது. வீடு விற்பனை சூடாக இருக்கிற வருடத்தில் அவர்களுக்குக் கை நிறைய வரும். விற்பனை படுத்தால் அந்தக் காசும் படுத்துவிடும். வருடாந்த வீட்டுவரி மாதச் சம்பளம் மாதிரி. கைமாற்ற வரி கிறிஸ்மஸுக்கு வருகிற நத்தார்க் கொடுப்பனவு மாதிரி. அதை நம்பி வீட்டுச் சாமானைத் தவணைக்கு எடுக்கிறவன் தை மாதத்தில் முழிப்பான் என்று என் மேலதிகாரி புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வார்.

பிலோமினாவுடன் கதைத்த அதே நாள், மத்தியானம் போல, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் கண்ணாடிக்கு முன்னால் வந்தார். புருசன் இறந்து மூன்று வருடம். வரிச்சீட்டு இன்னும் அவர் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது. பெயரை மாற்றவேண்டும் என்று நாங்கள்தான் கடிதம் போட்டு வரவழைத்தோம்.

"அவர் பெயர் கடிதப் பெட்டியில் வருவது எனக்குப் பிடிக்கும். அப்படியே இருக்கட்டுமே" என்றார்.

நான் என் கந்தோர்க் குரலில், மெதுவாக, பல வருடமாகச் சொல்லிப் பழகியதைச் சொன்னேன். பெயர் சரியாக இருந்தால்தான் உங்களுக்கு வரவேண்டிய சலுகை வரும். நாளைக்கு வீட்டைத் திருத்த வேண்டுமென்றாலும் விற்க வேண்டுமென்றாலும் சிக்கல் வராது. அவரை யாரும் அழிக்கவில்லை அம்மா, உங்களைத்தான் எழுதுகிறோம்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். போகும்போது நன்றியும் சொன்னார். அந்நியப் பெண்ணுக்கு இவ்வளவு அழகாகப் புத்தி சொன்னவன், தன் தங்கச்சிக்குக் காலையில் என்ன சொன்னான் என்று நினைத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

4

வெட்கம் வந்தவுடன் கையெழுத்து வைத்திருப்பேன் என்று நினைக்காதேங்கோ. மூன்று மாதம் இழுத்தேன்.

எனக்கு என்ன பயம் என்றால், அந்தப் பெயரோடு நானும் போய்விடுவேன் என்றுதான். கனடாவில் எனக்கு வீடு இருக்கிறது, அதற்கு வரியும் கட்டுகிறேன், எங்கள் கந்தோருக்கே கட்டுகிறேன். ஆனால் "உங்கட வீடு எங்க?" என்று யாராவது தமிழில் கேட்டால் வாயில் கீரி என்றுதான் வரும். சந்தியோகுவின் வீடு இருக்கிற வரைக்கும் நான் சந்தியோகுவின் மகன். அதில் ஒரு பங்கு எனக்கு உண்டு. போய் இருக்கப் போவதில்லை என்று தெரிந்தும், இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்பாவும் இலேசுப்பட்டவர் இல்லை. சண்டைக் காலத்தில் வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்கு ஓடினபோது அவர் அரையில் கட்டிக்கொண்டு போனது வீட்டு உறுதியைத்தான். அம்மாவின் தாலிக்கொடியைக்கூட அம்மாவையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முகாமில் வருடக்கணக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர், கூரை போடமுதல் சபைக் கந்தோருக்குப் போய், இல்லாத வருடங்களின் சோலைவரி எவ்வளவு என்று கேட்டாராம். அங்கே இருந்தவர்கள் இவருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தார்களாம். கூரை இல்லாத வீட்டுக்கு வரி கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கின அன்றைக்குத்தான் ஊருக்கு வந்து சேர்ந்தேன் என்று சாகும் வரைக்கும் சொல்வார். அப்படிப்பட்ட மனிசனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கதையை என் மகள் அனித்தாவிடம் உருக்கமாகச் சொன்னேன். அவளுக்கு இருபத்தாறு வயது. ஊருக்கு இரண்டு தரம் வந்திருக்கிறாள். கேட்டுவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஏதாவது நடந்தா அந்தப் பங்கு எனக்கும் தம்பிக்கும் வருமா?" என்றாள்.

"ஓம்."

"நான் அதை என்ன செய்யிறது? எனக்கு அந்த ஒழுங்கையை ஆக்களுக்குச் சொல்லிக் காட்டவும் தெரியாது. மாமிக்குக் குடுங்கோ. நான் போய் மாமியைப் பாப்பன், வீட்டைப் பாக்க மாட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை தூரப் போய்விட்டாளே என்று இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள்தான் விளங்கியது, அவள் கீரியில் ஒரு மனிசியை வைத்திருக்கிறாள், நான் ஒரு சுவரை வைத்திருக்கிறேன்.

5

அதற்குள் யூட் பிரான்சிலிருந்து போன் எடுத்தான். நான் மனதுக்குள் வைத்திருந்ததை அவன் வாயால் சொன்னான்.

"எழுதிக் குடுத்தா நாங்கள் ஊருக்குப் போனா எங்க தங்கிறது?"

"நீ போய் ஒன்பது வருசம்டா" என்றேன்.

"போனா எண்டுதானே சொல்லுறன்."

திருச்சியில் இருக்கிற அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் நால்வரில் வீடு இல்லாதவள் அவள் ஒருத்திதான். முகாமில் இருந்து, பிறகு வாடகை வீடு மாறி மாறி, இப்போதும் வாடகை. அவள் பங்கைக் கேட்டால் அது நியாயம். கேட்டால் பிலோமினாவின் காரியம் கெட்டுவிடும். நான் எடுக்காமலே நாளைக் கடத்தினேன்.

பிலோமினா ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பதை நிறுத்திவிட்டாள். கோபமாகச் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு நாள் ஒரு படம் மட்டும் வந்தது. இந்த வருடத்துச் சோலைவரிப் பற்றுச்சீட்டு. தைத்த காசில் தானே கட்டியிருக்கிறாள். பெயர்: மரியான் சந்தியோகு. உடனே எடுத்தேன்.

"ஏன் நீ கட்டினனீ? நான் அனுப்பியிருப்பன்தானே."

"நான் இருக்கிற வீடு. ஆற்றை பேரில எண்டாலும் குப்பை அள்ள வாறது என்ரை வாசலுக்குத்தான்." குரல் உயரவில்லை. "அண்ணா, ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு நாலு பேற்றை கையெழுத்துப் போதும். நீங்கள் மூண்டு பேரும் போனாப் பிறகு எட்டுப் பிள்ளையள். ஒண்டு லண்டன், ஒண்டு சென்னை, உங்கட ரெண்டும் அங்க. நான் அவையளை எங்க தேடிப் பிடிக்கிறது? எந்தப் பாசையில கேக்கிறது? அதுக்குள்ள எனக்கும் வயது போயிடும். பிறகு செல்வி வந்து என்னையும் சேத்துச் சேமக்காலையில தேடுவா."

அக்காவையும் கேட்கவேணும் என்று இழுத்தேன்.

"அக்கா போன கிழமையே தன்ரை கையெழுத்துக்குத் தத்துவம் அனுப்பிப்போட்டா" என்றாள். "சென்னைக்கு ரயிலில போய், ரெண்டு நாள் நிண்டு, தூதரகத்தில வைச்சு எடுத்தனுப்பினவ. பங்கு ஒண்டும் கேக்கேல்லை. எங்களில ஒருத்திக்காவது சொந்த வீடு இருக்கட்டும் எண்டவ."

அதைக் கேட்ட பிறகு என்னிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாட்டும் மிஞ்சவில்லை. அழுதேன் என்பதை மறைக்கவில்லை. அழுதுவிட்டு யூட்டுக்கு எடுத்து, என் வாழ்நாளில் முதல் தடவையாக அவனைக் கடிந்து பேசினேன். அவன் ஐந்து நிமிடத்தில் ஓம் என்றுவிட்டான். அவனும் யாராவது பேசட்டும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தானோ என்னவோ.

6

தத்துவம் என்றால், எங்களுக்காக ஊரில் இன்னொருவர் கையெழுத்து வைக்கலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிற அதிகாரம். எங்கள் மூவருக்காகவும் கையெழுத்து வைக்க ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சம்மதித்தார். நான் தூதரகத்துக்குப் போனேன்.

இருபத்தியொரு வருடம் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவன் வெளியே நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். என் கந்தோரில் யாராவது அடையாள அட்டைப் பிரதி இல்லாமல் வந்தால் நான் உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன், தெளிவாக எழுதி அனுப்பியும் வாசிக்காமல் வருகிறார்களே என்று. தூதரகமும் தெளிவாகத்தான் எழுதி அனுப்பியிருந்தது. நான் பிறப்புச் சான்றிதழ் கொண்டு போனேன், கடவுச்சீட்டு கொண்டு போனேன், கோவில் ஞானஸ்நானக் கடிதம்கூடக் கொண்டு போனேன், கேட்காததற்கும் சேர்த்து. படம் கொண்டுபோக மறந்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் வருடக்கணக்காகப் பார்த்து வருகிற பார்வை.

"அங்கிள் என்ன வேலை?" என்று தமிழில் கேட்டது. என் விண்ணப்பத்தில் வெறுமையாக இருந்த தொழில் என்ற இடத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"கந்தோர் வேலை" என்றேன்.

பக்கத்துக் கட்டிடத்தில் படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பெருவிரலில் மை பூசி அடையாளம் வைத்தபோது அப்பாவுக்குச் சொல்வது மாதிரி மனதுக்குள் ஒன்று சொன்னேன். உங்களை அழிக்கவில்லை அப்பா, அவளை எழுதுகிறோம். வெள்ளைக்காரப் பெண்மணிக்குச் சொன்னதுதான். எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

7

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கடைசி முடிச்சு ஒன்று வந்தது. நன்கொடை உறுதி எழுத நொத்தாரிசு வீட்டின் பெறுமதியைக் கேட்டார். அந்தப் பெறுமதியில்தான் முத்திரைத் தீர்வை. பாதியாகக் குறைத்துப் போடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யூட் சொன்னான். நானும் பிலோமினாவுக்குக் காசு மிச்சமாகட்டும் என்று தலையாட்டினேன். இருபத்தியொரு வருடம் வரிக் கந்தோரில் இருந்த தலை அது, அதையும் சொல்லவேண்டும்.

பிலோமினா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"சரியான பெறுமதியைப் போடுங்கோ. செல்வி என்ன சொன்னவ? அந்தக் காசு மாகாணத்துக்குப் போய்ச் சபைக்குத் திரும்பி வரும் எண்டவ. சபைக்கு வந்தா என்ரை ஒழுங்கைக்கு வரும். இரவில ஆக்கள் என்ரை அறையளுக்கு வரேக்குள்ள கழுதையில விழுந்தெழும்பியோ வாறது?"

எங்கள் குடும்பத்தில் வரியைக் கூட்டிக் கட்டுவேன் என்று நின்ற முதல் ஆள் அவள்தான். வாடகைக்கு இருப்பவள் மாதிரி ஒரு பேச்சில்லை. வீட்டுக்காரியின் பேச்சு. தீர்வையை நாங்கள் மூவரும் பிரித்துக் கட்டினோம். அக்காவும் தன் பங்கை அனுப்பினாள், வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

உறுதி பதிந்து வந்த அன்றைக்குப் பிலோமினா அதன் பிரதியோடு சபைக்குப் போனாள். செல்வி பதிவேட்டில் பெயரை மாற்றி எழுதிய பக்கத்தை எனக்குப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அது அலுவலக ஆவணம், படமெடுக்க விடமாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டதாம். நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் போனில் என்னோடு கதைத்தது.

"லைட் உடனே வராது அண்ணே, சொல்லிப்புட்டேன். தீர்வைக் காசு சபைக்கு வந்து சேர நாளாகும். ஆனா உங்க வீட்டைப் பாத்துட்டு இன்னும் ரெண்டு வீட்டுப் பிள்ளைங்க நொத்தாரிசுகிட்ட போயிருக்காங்க. ஒருத்தர் நோர்வே, ஒருத்தர் வவுனியா."

"அப்ப சேமக்காலையில இப்ப ஆறு பேர்தான்."

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை சிரித்ததைக் கேட்டேன்.

பாங்குக் கடன் ஆறாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கிடைத்தது. அறைகள் எழும்பின. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பிலோமினா ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். நான் வெள்ளை என்றேன். இளநீலம் அடித்துவிட்டுப் படம் அனுப்பினாள்.

8

போன சனிக்கிழமை மடு மாதா கோவில் ஆவணித் திருவிழாவுக்கு விமானச்சீட்டு எடுத்தேன். அனித்தாவும் வருகிறாள். சந்தோசத்தில் உடனே பிலோமினாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

முந்தியெல்லாம் நான் ஊருக்குப் போவதென்றால் சொல்லாமல்கூடப் போய் இறங்குவேன். பெட்டியை முன் அறையில் வைப்பேன். அலுமாரியில் அவளுடைய சீலைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என் உடுப்புகளை அடுக்குவேன். ஒருமுறை அவளைக் கேட்காமலே வாசல் படலையை இடம் மாற்றி வைத்தேன். அவள் ஒன்றும் சொன்னதில்லை.

"நல்லது அண்ணா, அனித்தாவும் வாறது நல்ல சந்தோசம்" என்றாள். பக்கத்தில் கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது. "திருவிழாவுக்கு வாற ஆக்கள் ரெண்டு அறையும் சொல்லிப்போட்டினம். உங்களுக்கு முன் அறையை ஒதுக்கி வைக்கிறன். எத்தின நாள் நிப்பீங்கள்?"

பிறந்த நாள் தொட்டு அந்த வீட்டில் ஒருத்தரும் என்னைக் கேட்காத கேள்வி. நெஞ்சுக்குள் ஒரு சின்ன வலி வந்தது, உண்மை. வந்த கையோடு, ஏன் என்று தெரியாமல், முகமெல்லாம் சிரிப்பும் வந்துவிட்டது. ஒரு வழியாகப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அனித்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி என்ன சொன்னவ?"

"எத்தின நாள் நிப்பீங்கள் எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பத்து நாள் நிக்கலாமோ எண்டு கேட்டனான்."